வவுனியா ஓடுபாதையும் தொண்டர் விமானிகளும்

வன்னி நாட்டின் வரலாறு என்றதும் எமது நினைவுக்கு வருவன குளங்களும், அடர்ந்த காடுகளும், வன்னிமைகளும், பண்டாரவன்னியனுமே. அவை வருதல் முறையே. ஆயினும் இம்மண்ணின் வரலாறு 1803ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டதன்று. இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் வவுனியாவின் காட்டு வெளியில் கூடாரமடித்து வாழ்ந்தனர். இங்கிருந்த ஓடுபாதையிலிருந்து எழுந்து வங்காள விரிகுடாவின் மேற் பறந்தனர். இச்செய்தி எம்மிற் பலர் அறியாதது. அறிந்தோரும் அதனை ஒரு போர்க்கதையாக மட்டுமே அறிவர். அதனுள்ளே அடங்கிக் கிடக்கும் சமுதாயக் கேள்வி ஒன்றை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அக்கேள்வி இதுதான். படைத்தொழிலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் ஒருவன். கந்தோரிலும் கடையிலும் கல்லூரியிலும் இருந்துவிட்டு, நாட்டின் இடர்க்காலத்தில் வந்து சேர்ந்தவன் மற்றொருவன். இவ்விருவரையும் ஓர் அணியில் நிறுத்தி, ஒரே விமானத்தில் ஏற்றி, ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைப்பது எவ்வாறு? முன்னவனை நிலையான படைஞன் என்போம். பின்னவனைத் தொண்டர் படைஞன் என்றும், சேமப் படைஞன் என்றும் வழங்குவோம்.

இது புதிய கேள்வியன்று. பழங்கால மன்னரும் இதனை எதிர்கொண்டனர். சோழர் காலத்தில் வேளைக்காரர் எனப்பட்டோர் மன்னனுக்கே உயிரைக் கடமைப்படுத்திய நிலையான படையினராவர். பொலன்னறுவையில் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றமையை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு இன்றும் கூறி நிற்கின்றது. அவர்களைப் போன்றோருக்குப் புறம்பாக, போர் வந்தபோது ஏரை விட்டு வேலை எடுத்த உழவரும் இருந்தனர். ஆனால் வேலும் வாளும் பிடிக்கச் சில வாரப் பழக்கம் போதும். விமானம் அத்தகையதன்று. அதனை ஓட்டப் பழகுதற்கு மாதங்கள் வேண்டும். பழகியதை மறவாதிருக்க இடைவிடாப் பயிற்சி வேண்டும். அதனைப் பழுது பார்ப்பவனுக்கோ ஆண்டுக் கணக்கான கல்வி வேண்டும். ஆகவே நிலையானவரையும் தொண்டரையும் ஒன்றுசேர்க்கும் சிக்கல், தரைப்படையைக் காட்டிலும் ஆகாயப்படையிலே பன்மடங்கு கடினமாயிற்று.

பிரித்தானியாவின் அரச ஆகாயப்படை 1918ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதலாந் திகதி தோன்றியது. முதலாம் உலகப் போர் முடிந்ததும் அப்படை மிகவுஞ் சுருங்கிற்று. அதன் தலைவராயிருந்த ட்ரென்சாட் என்பார், சிறிய நிலையான படை ஒன்றையும், அதனைச் சூழ்ந்து நிற்கும் குடிமக்கட் படை ஒன்றையும் அமைக்க விரும்பினார். 1924ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1925ஆம் ஆண்டில் முதலாவது அணிகள் எழுந்தன. இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது, இரண்டு வேறுபட்ட முறைகள் ஒரே காலத்திற் சோதிக்கப்பட்டன என்பதையே.

முதலாவது முறையிலமைந்தவை விசேட சேம அணிகள் எனப்பட்டன. 500 முதல் 504 வரை இலக்கமிடப்பட்ட ஐந்து அணிகள் அவ்வாறு அமைந்தன. அவற்றின் தலைவர் நிலையான படையினர்; நடுநாயகமாய் நின்ற விமானிகளிலும் தொழில்வினைஞரிலும் ஒரு பகுதியினர் நிலையான படையினர்; தொண்டர் வந்து அவர்களோடு சேர்ந்துகொள்வர். இரண்டாவது முறையிலமைந்தவை துணை ஆகாயப்படை அணிகள். இவை 600 முதலாக இலக்கமிடப்பட்டு, லண்டன், கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற நகரங்களின் பெயரையும் தாங்கி நின்றன. இவற்றிலே தொண்டர்களே தலைமை தாங்கினர். நிலையான படையைச் சேர்ந்த நிருவாக அதிகாரி ஒருவர், பறத்தல் பயிற்றுபவர் ஒருவர், தேர்ந்த தொழில்வினைஞர் சிலர் ஆகியோர் உடனிருந்து வழிகாட்டினர்.

இரு முறைகளின் வேறுபாடு சிறிதுபோலத் தோன்றும். ஆயின் அது மிகப் பெரிது. முதலாவதில் வீடு நிலையானவருடையது, தொண்டன் விருந்தினன். இரண்டாவதில் வீடு தொண்டனுடையது. நிலையானவன் அவ்வீட்டுக்கு வந்த ஆசான். எம்முறை நிலைத்தது என்பதற்கு வரலாறே விடை தருகின்றது. 1936ஆம் ஆண்டு தொடங்கி 1938ஆம் ஆண்டுக்குள் விசேட சேம அணிகள் என்னும் வகையே மறைந்து, அவை துணை ஆகாயப்படையோடு இணைந்துவிட்டன. பொறுப்பைக் கொடாது உழைப்பை மட்டும் கேட்டால் மனிதன் நெடுநாள் நிற்கமாட்டான் என்னும் உண்மைக்கு இதுவொரு சான்றாகும்.

எனினும் துணை ஆகாயப்படைக்கும் ஒரு குறை இருந்தது. அதிற் சேர்ந்த அதிகாரிகள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். லண்டனைச் சேர்ந்த 601ஆம் அணியைக் கோடீசுவரர் அணி என்றே ஊரார் அழைத்தனர். ஜேர்மனியின் படைப்பெருக்கம் கண்டு அஞ்சிய பிரித்தானிய அரசு, 1936ஆம் ஆண்டில் தொண்டர் சேமப்படை என்னும் மூன்றாவது அமைப்பை ஏற்படுத்திற்று. இதன் வாயில் அகலத் திறந்திருந்தது. எழுதுவினைஞனும், ஆசிரியனும், விற்பனையாளனும் இதிற் சேரலாம். மாலை வேளைகளில் நகரத்து நிலையங்களில் வகுப்பு. வார இறுதியில் பறத்தற் பயிற்சி. ஆண்டுக்கொரு முறை பாசறை வாழ்வு. விமானியாகச் சேர்பவன் சார்ஜன் பதவியிலேயே தொடங்குவான். 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் போர் மூண்டபோது இச்சேமப்படையில் 6,646 விமானிகளும், 1,625 நோக்குநர்களும், 1,946 கம்பியில்லாத் தந்தியாளர்களும் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில் வார இறுதிகளைக் கொண்டு திரட்டப்பட்ட செல்வம் இது.

போர் தொடங்கியதும் புதிய சிக்கல் எழுந்தது. அதிகாரிகளின் சட்டைக் கழுத்தோரத்தில், துணைப்படையினருக்கு ஓர் எழுத்தும் தொண்டர் சேமப்படையினருக்கு ஈரெழுத்துமாகப் பித்தளை அடையாளம் பொறிக்கப்பட்டிருந்தது. நிலையான படையினருக்கு அது இல்லை. ஆகவே ஒருவன் அறையினுள் நுழைந்த கணமே அவன் எவ்வகையினன் என்பது தெரிந்துவிடும். அக்காலத்து உணவுமண்டபங்களில் ஒரு பகடி வழங்கிற்று. நிலையான படையினர் கனவான்களாக முயலும் அதிகாரிகள். துணைப்படையினர் அதிகாரிகளாக முயலும் கனவான்கள். தொண்டர் சேமப்படையினரோ இரண்டுமல்லாதிருந்து இரண்டுமாக முயல்வோர் என்பது அதன் பொருள். நகைச்சுவைதான், ஆயினும் நகையின் அடியிலே புண் ஒன்று இருந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவ்வடையாளங்களை நீக்கிவிடுமாறு ஆணை பிறந்தது. அவை பிரிவினையை வளர்க்கின்றன என மேலிடம் கண்டுகொண்டமையே காரணம். சிறு பித்தளைத் துண்டு, அகற்றுதற்கு ஒரு நொடி. ஆயினும் அதனை அகற்றவேண்டும் என்று உணர்தற்கு ஒரு பெரும் போர் வேண்டியிருந்தது.

1940ஆம் ஆண்டுப் பிரித்தானிய வான்போரிற் போராடிய அணிகளுள் பதினான்கு துணை ஆகாயப்படை அணிகளாம். அப்போரின் இழப்புகள் மற்றொரு மாற்றத்தையும் உண்டாக்கின. நகரின் பெயரைத் தாங்கிய அணியிலே அந்நகரத்தார் வீழ வீழ, அவரிடத்தை நிரப்ப எங்கிருந்தோ வந்த இளைஞர் சேர்க்கப்பட்டனர். போர்க்காலத்திற் புதிதாகச் சேர்ந்த விமானக்குழுவினர் யாவரும் பொதுவாகத் தொண்டர் சேமப்படையிலேயே பதிவு செய்யப்பட்டனர். விளைவாக, சில ஆண்டுகளில் நிலையான அணி என்று பெயர்பெற்றதிலும் பெரும்பாலோர் தொண்டராயினர். கலப்பு என்பது கொள்கையாக இருந்த நிலை மாறி அன்றாட வாழ்வாயிற்று.

இந்நிலையிலேதான் போர் இலங்கைக் கரைக்கு வந்தது. 1942ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திற் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரில் மாதம் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கட்டலீனா விமானமொன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டது. அதன் தலைவர் கனடிய ஆகாயப்படையைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் என்பார். இவர் படைக்கல்லூரியிற் பயின்ற நிலையான அதிகாரி. அவரது குழுவினர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி கொழும்பை அடைந்தது.

மறுநாள், 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்து 30ஆம் அணியும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்து 258ஆம் அணியும் ஹரிக்கேன் விமானங்களில் எதிர்கொண்டன. 258ஆம் அணியிலிருந்து எழுந்த 14 விமானங்களுள் 9 இழக்கப்பட்டன. 9ஆம் திகதி திருக்கோணமலை தாக்கப்பட்டபோது, சீனன்குடாவிலிருந்து 261ஆம் அணி எழுந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று. இவ்வணிகளிற் பறந்தோருட் பெரும்பாலோர் போர்க்காலத்திற் சேர்ந்த இளைஞர். சிலர் அவுஸ்திரேலியா, நியூசீலாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்தவர். எவன் நிலையானவன், எவன் தொண்டன் என்னும் வினா அன்று காலை எவருக்கும் எழுந்திராது.

இனி வவுனியாவுக்கு வருவோம். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலேயே வவுனியாவைக் கடந்து காங்கேசன்துறை வரை சென்றுவிட்டது. கண்டி வீதியும் அருகிற் செல்கின்றது. திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு அணித்தாய், அதேவேளை கடற்கரைக்கு உள்ளே காட்டு மறைவில் அமைந்தமை இவ்விடத்தின் சிறப்பு. ஆகவே இங்கே விமானத்தளம் அமைக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டுக்கும் 1945ஆம் ஆண்டுக்கும் இடையே 22ஆம் அணி, 217ஆம் அணி, 89ஆம் அணி முதலியன வெவ்வேறு காலங்களில் இங்குத் தங்கின. முதலிரண்டும் கப்பலைத் தாக்கும் பியூபோர்ட் விமானங்களைக் கொண்டிருந்தன. பின்னர் பியூபைட்டர் விமானங்களைப் பெற்றன.

பியூபோர்ட் விமானத்தில் நால்வர் செல்வர். விமானி, வழிகாட்டி, கம்பியில்லாத் தந்தியாளர், துப்பாக்கியர் என்போர் அவர். அரச ஆகாயப்படையிலே அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. விமானத்தை ஓட்டுபவனே அதன் தலைவன். பதவி எதுவாயினும் சரி. எனவே நேற்றுவரை கந்தோரிற் கணக்கெழுதிய ஒரு சார்ஜன் விமானியாக இருப்பின், வழிகாட்டியாக அமர்ந்துள்ள அதிகாரியும் பறக்கும் வேளையில் அவன் சொற்படி நடத்தல் வேண்டும். தரையில் இறங்கியதும் அவன் அவருக்கு வணக்கஞ் செய்வான். இருவரும் வெவ்வேறு மண்டபங்களில் உணவருந்துவர். வானிலே வேலை தலைமையை வகுத்தது. தரையிலே பதவி வகுத்தது. இவ்விரண்டையும் குழப்பாமற் பிரித்து வைத்தமையே அந்த ஒற்றுமையின் இரகசியம் என்பது எமது துணிபு.

தரையில் நின்றோரை நாம் மறத்தல் தகாது. ட்ரென்சாட் அமைத்த ஹால்டன் பயிற்சிக் கல்லூரியில், பதினைந்து பதினாறு வயதிற் சேர்ந்து மூன்றாண்டு பயின்ற தொழில்வினைஞரே நிலையான படையின் முதுகெலும்பு. போர்க்காலத்திற் சில மாதம் மட்டும் பயின்று வந்த வினைஞருக்கு ஆசானாகவும் மேற்பார்வையாளராகவும் நின்றோர் அவர்களே. விமானியின் உயிர் அவர்களது திருகாணியில் இருந்தது. இங்கே தொண்டன் தலைவன். அவனைத் தாங்குபவன் நிலையான தொழிலாளி. சிறப்பென்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வமைப்புத் தானாகவே கற்பித்தது.

வவுனியாவில் அவர்களுக்கு நேர்ந்த உண்மையான சோதனை பகைவனன்று, காத்திருத்தலே. 1942ஆம் ஆண்டு ஏப்பிரிலுக்குப் பின் யப்பானியப் பெருங் கப்பற்படை இலங்கைக் கரைக்கு மீளவில்லை. கப்பலைத் தகர்க்கும் ஆயுதத்தோடு அணிகள் மாதக்கணக்காகக் கடலை நோக்கியிருந்தன. சுற்றுக்காவல், பயிற்சி, மீண்டும் சுற்றுக்காவல் என நாட்கள் கழிந்தன. வன்னியின் வெயிலும், மாரியின் சேறும், அக்காலத்தில் இம்மாவட்டமெங்கும் உயிர் குடித்த மலேரியாக் காய்ச்சலும் உடனிருந்தன. ஆபத்து மனிதரை ஒன்றாக்கும் என்பர். அது மெய்யே. ஆனால் ஆபத்தில்லாத சோர்விலேதான் நான் முன்னவன், நீ பின்னவன் என்னும் எண்ணம் முளைவிடும். அக்காலத்தும் அணி சிதையாது நின்றதெனின், நாள்தோறும் செய்த ஒரே வேலையும், ஒரே பயிற்சியும், ஒரே அளவுகோலுமே அதற்குக் காரணமாதல் வேண்டும். 22ஆம் அணி பின்னர் பர்மாப் போர்முனைக்குச் சென்றது. 217ஆம் அணி 1945ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதையொத்த நிகழ்ச்சி நடந்தது. 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி தோன்றிய இந்திய ஆகாயப்படையிடம், 1939ஆம் ஆண்டிற் போர் மூண்டபோது ஒரேயொரு அணிதான் இருந்தது. நீண்ட கடற்கரையைக் காக்க அது போதாது. ஆகவே இந்தியத் தொண்டர் சேமப்படை நிறுவப்பட்டு, சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய இடங்களிற் கரைகாவற் குழுக்கள் அமைக்கப்பட்டன. முதலாம் குழு சென்னைப் பரங்கிமலையில் இருந்தது. பறத்தற் கழகங்களிற் பொழுதுபோக்காகப் பறந்தவர்களும், பயணிகள் விமானம் ஓட்டியவர்களும் இவற்றிற் சேர்ந்தனர். அவர்களுக்கு முதலிற் கிடைத்தவை பழைய வப்பிட்டி விமானங்கள். 1942ஆம் ஆண்டு இறுதியில் இக்குழுக்கள் கலைக்கப்பட்டன. அவற்றின் ஆட்கள் புதிய நிலையான அணிகளுக்குக் கருவாயினர். 6ஆம் அணி அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி திருச்சிராப்பள்ளியில் உருவாயிற்று. அதன் தலைவர் மெகர்சிங் என்னும் புகழ்பெற்ற நிலையான படை அதிகாரி. அவ்வணி பின்னர் பர்மாவின் அரக்கான் பகுதியில் வேவு பார்த்துப் பெயர்பெற்றது. காவிரிக் கரையில் விதைத்த கலப்பு வித்து அரக்கானிற் கதிர் தந்தது.

போரின்பின் நமது நாடும் இப்பாடத்தைச் சட்டமாக எழுதிற்று. 1949ஆம் ஆண்டின் ஆகாயப்படைச் சட்டம், நிலையான படையோடு சேமப்படைக்கும் தொண்டர் படைக்கும் இடமளித்தது. 1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி அரச இலங்கை ஆகாயப்படை பிறந்தது. முதற் தளபதி பிளேடன் என்னும் பிரித்தானியர். 1962ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்ற முதலாவது இலங்கையர் ரொகான் அமரசேகரா என்பார். இவர் உலகப் போரிற் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்களில் வழிகாட்டியாகப் பணிபுரிந்து விருது பெற்றவர். பிரித்தானியாவிலோ துணைப்படையின் பறக்கும் அணிகள் 1957ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டன. தாரை விமானத்தின் விலையும் வேகமும் ஏறியபோது, வார இறுதி விமானிக்கெனத் தனி அணி வைத்தல் இயலாதாயிற்று.

இதற்கு அமெரிக்கர் வேறொரு வழி கண்டனர். 1968ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் நோட்டன் தளத்திலே, சேமப் படையினருக்குத் தனி விமானங் கொடாமல், நிலையான படையின் பெரிய சரக்கு விமானங்களையே இருவரும் பகிர்ந்து ஓட்டவும் பேணவும் ஏற்பாடு செய்தனர். ஒரு விமானத்துக்கு இரண்டு குடும்பம் என்னலாம். இவ்வேற்பாடு நிலைத்துப் பெருகி, இந்நூற்றாண்டிற் போர் விமான அணிகளுக்கும் பரவியுள்ளது. அவ்விடத்தும் எழும் கேள்விகள் பழைய கேள்விகளே. கட்டளையிடுபவர் யார்? பதவியுயர்வு எவருக்கு? விமானம் ஒன்றே இருக்க, பறக்கும் நேரத்தை எவ்வாறு பங்கிடுவது? ஓடுபாதைகள் மாறினும் மனித மனம் மாறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகளைத் திரட்டலாம். முதலாவது, புதிதாக வருபவனுக்குப் பொறுப்பும் உரிமையும் கொடுத்தால்தான் அவன் அணியைத் தன்னுடையதெனக் கொள்வான். இரண்டாவது, திறமைக்கு ஒரே அளவுகோல் வேண்டும். தொண்டன் என்பதற்காகச் சலுகையும் வேண்டா, இழிவும் வேண்டா. மூன்றாவது, வேலைக்கு உதவாத வேற்றுமை அடையாளங்களை அகற்றிவிடல் வேண்டும். எங்கள் குளக்கட்டு உடைப்பெடுத்தால், நெடுங்காலக் கமக்காரனும் நேற்று வந்து குடியேறியவனும் ஒன்றாய் மண் சுமப்பர்; துருசின் இயல்பறிந்தவன் சொல்ல மற்றவர் கேட்பர். அவ்விடத்தில் முதுமையும் புதுமையும் பேசப்படுவதில்லை. வன்னிக் கமக்காரனுக்கு இவ்வுண்மையைப் பிறர் வந்து கற்பிக்கவேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் நேர்மையாகாது. 2009ஆம் ஆண்டில் முடிந்த உள்நாட்டுப் போரின் நெடிய ஆண்டுகளில், வானில் எழுந்த இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்த தலைமுறையினர் இம்மண்ணில் வாழ்கின்றனர். அவர்களுக்கு விமானம் என்னும் சொல் வியப்பைத் தருவதன்று; நடுக்கத்தைத் தருவது. ஆகையால் இங்குக் கூறியது போரின் புகழன்று. ஒருவரையொருவர் அறியாத மனிதர், வேறுவேறு வழியில் வந்தவர், ஒரு கடமையின்முன் சமமாக நிற்கக் கற்றுக்கொண்ட கதையே இது. அப்பாடத்தைப் போர்க்களத்திற் கற்க முடிந்த மனித இனம், வயலிலும் பள்ளியிலும் மன்றிலும் கற்கமுடியாதென்பது நம்பத்தக்கதன்று. முன்னரே இங்கிருந்தவரும், இடம்பெயர்ந்து மீண்டவரும், புதிதாய் வந்து குடியேறியவரும் கூடி வாழும் இன்றைய வன்னியிலே, எவர் கழுத்தோரத்திலும் பித்தளை எழுத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் உளவாயின், அவற்றைக் கழற்றி வைப்பதே நாம் செய்யத்தக்க முதற்பணியாகும்.